டாக் வாங்கியாச்சு, கசெட் உக்குது

போன மாதம் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு டாக் வாங்கினோம். 37,500 ரூபா. ஆளுக்கு 7,500. 2025 வரவு செலவுத் திட்டத்துக்குப் பிறகு ஒரு மாத மஹாபொலக் காசு எவ்வளவோ, சரியாக அவ்வளவு. அந்த மாதம் எங்களில் இரண்டு பேர் பகல் சாப்பாட்டைக் கன்ரீன் றோல்ஸோடு முடித்துக்கொண்டார்கள். கடைக்காரர் ஏமாற்றவில்லை. சாமானும் நல்ல சாமான். கொழுவின உடனே வேலை செய்தது, இப்பவும் செய்கிறது. பிழை எங்களில்தான். அதை ஒளிக்காமல் எழுதுவது என்று முடிவெடுத்தோம், ஏனென்றால் எங்கள் வயதுப் பெடியள் பெட்டையள் கனபேர் இதே காசை இதே சாமானுக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்கு: போனிலோ லப்டொப்பிலோ இருக்கிற பாட்டு வெறும் இலக்கங்கள். சீடித் தரத்தில் என்றால் ஒரு செக்கனுக்கு, ஒரு காதுக்கு, 44,100 இலக்கங்கள். ஹெட்போனுக்கு இலக்கம் விளங்காது. அதற்கு ஏறி இறங்குகிற மின்னழுத்தம் வேண்டும். இலக்கத்தை மின்னழுத்தமாக மாற்றுகிற சின்னச் சிப்தான் டாக். அது இல்லாமல் எந்தப் போனும் வாய் திறக்காது. அதாவது உங்களிடம் ஏற்கெனவே ஒரு டாக் இருக்கிறது. ஹெட்போன் ஓட்டை உள்ள போன் என்றால் போனுக்குள்ளே. ஓட்டை இல்லாத போன் என்றால் யூஎஸ்பி-சி வயரின் நுனியில் இருக்கிற அந்தச் சின்ன முடிச்சுக்குள்ளே. புளூடூத் என்றால் ஹெட்போனுக்குள்ளேயே. புளூடூத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டு டாக் வாங்க யோசிக்கிற தம்பி தங்கச்சிமார் இந்த இடத்திலேயே வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காசைப் பத்திரமாக வைக்கலாம். நீங்கள் வாங்கி மேசையில் வைக்கிற பெட்டிக்கு அங்கே வேலையே இல்லை.

இந்த ஆசை எங்களுக்கு எப்படி வந்தது? எல்லாருக்கும் வருவது போலத்தான். முதலில் நல்லதொரு வயர் ஹெட்போன் ஒருவரின் கைக்கு வந்தது, மாறி மாறிக் கேட்டோம். பிறகு யூடியூப் எங்களைப் பிடித்துக்கொண்டது. அங்கே ஒரு ஏணி இருக்கிறது: ஹெட்போன், அதற்கு மேல் டாக், அதற்கு மேல் அம்ப், அதற்கு மேல் வயர், அதற்கும் மேல் அந்த வயரைத் தாங்குகிற கட்டை. (பகிடி இல்லை. வயர் தரையில் படாமல் தூக்கி வைக்கிற கட்டையை உண்மையாகவே விற்கிறார்கள்.) ஒவ்வொரு படியிலும் ஒரே வசனம்: "திரை விலகினது போல இருந்தது." எத்தனை திரை ஐயா உங்கட மேடையில்? அதோடு "வெறும் நூறு டொலர்தான்" என்ற இன்னொரு வசனம். 2022 மார்ச்சில் ரூபாவை அவிழ்த்துவிட முன்பு அது எங்களுக்கு இருபதாயிரம். இப்ப முப்பதாயிரத்துக்குக் குறையாது, அதற்கு மேல் வற் வேறு. அந்த "வெறும்" எங்கள் பக்கத்துச் சொல் இல்லை.

பெட்டி வந்த இரவு, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் உள்ள போடிங் அறையில் கூடினோம். லப்டொப்பில் ஒருதரம், டாக்கில் ஒருதரம். டாக்கில் போட்டவுடன் ஐந்து பேருக்கும் முகம் மலர்ந்தது. ஒருவன் "வயலின்காரர் மூச்சு விடுறது கேக்குது மச்சான்" என்றான். இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டாள். கொடுத்த காசு செரித்த மாதிரி இருந்தது. எங்களில் ஒருத்தி முதல் தரம் ஏஎல் மெத்ஸ் செய்துவிட்டுப் பிறகு ஆர்ட்ஸுக்கு வந்தவள். அவள்தான் கெடுத்தாள். "சத்தம் கூடிக் கிடக்கு. அவ்வளவுதான்."

சண்டை தொடங்கியது. போடிங் அங்கிளிடம் ஒரு மல்டிமீற்றர் இருந்தது. 400 ஹேர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் மின்னழுத்தத்தை அளந்தோம். லப்டொப்பை விட டாக் ஏறக்குறைய நாற்பது வீதம் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. டெசிபல் கணக்கில் 3. மனிதக் காதுக்கு ஒரு பழைய பலவீனம் இருக்கிறது: இரண்டு ஒலியில் கொஞ்சம் உரத்ததை "உரத்தது" என்று சொல்லாது, "வடிவானது" என்று சொல்லும். ஒலிப்பெட்டி விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நாங்கள் இரண்டையும் ஒரு வீத வித்தியாசத்துக்குள் கொண்டுவந்தோம். பிறகு ஒரு படுக்கைச் சீலையைக் கட்டி, அதற்குப் பின்னால் ஒருவர் இருந்து வயரை மாற்ற, நான்கு பேர் ஆளுக்கு இருபது தரம் சொன்னோம், இது டாக், இது லப்டொப் என்று. எண்பதில் சரி 43. நாணயத்தைச் சுண்டிவிட்டு இருந்திருந்தாலும் நாற்பது வந்திருக்கும். மூச்சு விட்ட வயலின்காரரைக் கேட்டவனுக்கு இருபதில் எட்டு.

இது போடிங் அறைச் சோதனை, விஞ்ஞானம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் இதைவிடப் பெரிய கேள்வியை இதைவிடக் கவனமாகச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். 2007இல் மேயர், மொரான் என்ற இருவர் ஒலிப் பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார்கள். உயர் தரப் பதிவு ஒன்றை அப்படியே கேட்பது, அதையே சாதாரண சீடித் தரத்துக்குள்ளால் இறக்கி ஏற்றிக் கேட்பது, இரண்டையும் கேட்பவருக்குச் சொல்லாமல் மாற்றிப் போட்டார்கள். 554 தரத்தில் சரியாகச் சொன்னது 276. பாதிக்கும் ஒன்று குறைவு. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: 2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜொஷுவா றைஸ் இப்படியான 18 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, உயர் தரத்தை மனிதர் கண்டுபிடிக்கிற வீதம் 52.3 என்றார். ஐம்பதை விடக் கூட, ஓம். அந்த 2.3க்காகத்தான் எங்கள் வயதுப் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டுமா என்பதே கேள்வி. இந்த ஆய்வுகள் டாக்கை டாக்கோடு ஒப்பிட்டவை அல்ல, கோப்பின் தரத்தை ஒப்பிட்டவை. ஆனால் சீடித் தரத்துக்கும் அதற்கு மேலானதுக்கும் இடையிலேயே இந்தத் தடுமாற்றம் என்றால், பழுதில்லாத இரண்டு சிப்புகளுக்கு இடையில் "திரை" எங்கேயிருந்து வரும்?

டாக் வேண்டிய இடமும் இருக்கிறது. லப்டொப் ஓட்டையில் சார்ஜரைக் கொழுவினால் 'ங்ங்' என்று கேட்கிறதா, மவுஸை அசைத்தால் கீச்சிடுகிறதா, அதிலிருந்து வெளியே வாருங்கள். அதற்கு ஆப்பிள் 9 டொலருக்கு விற்கிற அந்தச் சின்ன வயர் போன்ற ஒன்றே காணும். 300 ஓம் ஹெட்போன் வைத்திருந்து சத்தம் காணாமல் இருந்தால் உங்களுக்குத் தேவை அம்ப். அது வேறு சாமான். இதற்கு மேல் இதில் கதைக்க ஒன்றும் இல்லை.

உண்மையில் எங்கள் கேட்டலைக் கெடுப்பது என்ன? காலி வீதி. ஹோர்ன் அடிக்காத நிமிஷம் அங்கே இல்லை. கடற்கரைப் பக்கம் போனால் கரையோரப் புகையிரதம். கொட்டாஞ்சேனையில் இருக்கிற நண்பனின் வீட்டில் ஜன்னலைத் திறந்தால் ஓட்டோ, மூடினால் ஃபேன். இந்தச் சத்தத்துக்கு நடுவில் காதை மூடாத ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, 37,500 ரூபாச் சிப்பின் நுணுக்கத்தைத் தேடுவது, சந்தைக்குள் நின்று கொண்டு வீணையின் மீட்டைத் தேடுவது போல. காதை நன்றாக மூடுகிற ஹெட்போன், தேய்ந்துபோன பஞ்சை மாற்றுவது, ஃபேனை ஒரு மணித்தியாலம் நிறுத்தி வேர்ப்பது: இவை மூன்றும் எந்த டாக்கையும் விடக் கூடச் செய்யும். வேர்ப்பதற்குக் காசு இல்லை.

இந்த இடத்தில் கலைப்பீடத் தோழர்கள் சிலர் சிரிக்கத் தொடங்குவது எங்களுக்குத் தெரியும். "நாங்கள் முந்தியே சொன்னம்தானே, இது காசுள்ளவையின்ர பைத்தியம். சனத்துக்கு எத்தனை பிரச்சினை கிடக்கு, உங்களுக்கு ஹெட்போன்." இல்லைத் தோழர். உங்களோடும் எங்களுக்குச் சண்டை இருக்கிறது. நன்றாகக் கேட்க வேண்டும் என்ற ஆசை காசுக்காரரின் சொத்து என்று யார் உங்களுக்குச் சொன்னது?

எங்கள் அம்மாமாரைக் கேளுங்கள். தொண்ணூறுகளின் முதல் பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறி பொருளாதாரத் தடைப் பட்டியலில். அப்ப சனம் என்ன செய்தது? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்தது. ஒருவர் சுற்ற, ஊரே சுற்றி இருந்து பீபீசி தமிழோசை கேட்டது. கை களைத்தால் குரல் இறங்கும். ஆள் மாறினால் திரும்ப ஏறும். எங்களில் ஒருத்தியின் அம்மா சொல்கிறார், செய்தி முடிந்த பிறகும் பாட்டு ஒன்று கேட்க வேண்டும் என்பதற்காக இன்னும் கொஞ்சம் சுற்றச் சொல்லித் தம்பிமாரைக் கெஞ்சுவாராம். தமிழ்ச் சனத்தின் வரலாற்றில் ஆகப் பெரிய 'செட்-அப் அப்கிரேட்' அந்தச் சைக்கிள்தான். அதைச் செய்த சனத்தின் பிள்ளைகளிடம் வந்து, நன்றாகக் கேட்க ஆசைப்படாதே என்று சொல்லாதீர்கள். ஆசை சரி. நாங்கள் காசைப் போட்ட இடம்தான் பிழை.

அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று சொல்கிறோம். முதல் நாள் நாங்கள் போட்டதெல்லாம் யூடியூப் அண்ணாமார் சொன்ன சோதனைப் பாட்டுகள். அமெரிக்க ஜாஸ், யாரோ ஒரு நோர்வேப் பெண், நன்றாகப் பதிவான கண்ணாடி உடைகிற சத்தம். நாங்கள் வாழ்நாளில் இன்னொரு தரம் கேட்கப்போகாத பாட்டுகள். மூன்றாம் நாள்தான் எங்கள் பாட்டுகளைப் போட்டோம். எங்களில் ஒருவனின் பேரன் இணுவில் பக்கம். கோயில் திருவிழாவில் தவில் கேட்டே வளர்ந்தவர். பேரனின் ஞாபகத்தில் அவன் போட்டது யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி.

தட்சிணாமூர்த்தியை அறியாதவர்களுக்கு: 1933இல் இணுவிலில் பிறந்து, 1975இல் காலமானவர். இந்தியாவின் பெரிய நாதஸ்வரக்காரர்கள் பக்கத்தில் இருத்தி வாசிக்க வைத்த தவில். தவிலைப் பற்றியும் ஒரு சொல். ஒரு பக்கம் தடி, மறுபக்கம் விரல்களில் போட்ட கூடு. அடி விழுகிற கணத்தில் ஒலி பூச்சியத்தில் இருந்து உச்சத்துக்குப் பாயும், அடுத்த கணம் அடங்கும். ஒரு ஒலிக் கருவியை உண்மையாகச் சோதிக்க வேண்டுமென்றால் கண்ணாடி உடைக்கத் தேவையில்லை, தவில் காணும்.

எங்கள் டாக்கில் அந்தத் தவில் எப்படிக் கேட்டது? நனைந்த மட்டைப் பெட்டியில் தட்டுவது போல. தடியும் கூடும் ஒன்றாகக் குழைந்து, நாதஸ்வரம் மூக்கடைத்து, பின்னால் மழை பெய்வது போல ஓயாத இரைச்சல். லப்டொப்பிலும் அதே. 37,500 ரூபா அந்த இரைச்சலை அச்சொட்டாகக் கொண்டுவந்து தந்தது. டாக்கின் வேலையே அதுதானே: கொடுத்த இலக்கத்தை மாற்றாமல் தருவது. அது தன் கடமையைச் செய்தது.

கலைப்பீடத்தில் படிக்கிற எவருக்கும் இது புதுசில்லை. 2016 பட்ச் அக்கா எழுதின நோட்ஸை 2018 பட்ச் போட்டோக்கொப்பி அடித்து, அதை 2020 பட்ச் அடித்து, கடைசியில் எங்கள் கைக்கு வரும்போது பக்கத்தின் ஓரம் கறுத்து, 'ல'வும் 'வ'வும் ஒன்றாகி, நடுவில் யாரோ தேத்தண்ணி ஊற்றின வட்டமும் சேர்ந்து வரும். அதை வாசிக்க ஏலாமல் ஒருவர் புதுக் கண்ணாடி வாங்கினால் என்ன சொல்வீர்கள்? எங்கள் பாட்டுகள் அப்படித்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. கச்சேரியில் யாரோ பிடித்த நாடா, அதிலிருந்து கசெட், கசெட்டில் இருந்து இன்னொரு கசெட், அதிலிருந்து இடம் மிச்சம் பிடிக்கச் சுருக்கின எம்பி3, அதை யாரோ ஒரு பூப்படத்தோடு யூடியூபில் ஏற்ற, அது இன்னொரு தரம் சுருக்க, அங்கிருந்து நாங்கள் இறக்க. ஆறாவது போட்டோக்கொப்பிக்குப் புதுக் கண்ணாடி வாங்கினவர்கள் நாங்கள்.

தவில் மட்டும் இல்லை. இந்த ஊரில்தான், கொழும்பில்தான், 1925 டிசம்பரில் வானொலி தொடங்கியது. 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டை ஒதுக்கின காலத்தில், பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இருந்த சனம் பாட்டுக் கேட்க ஊசியைத் திருப்பினது எங்கள் பக்கம்தான். மயில்வாகனன், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்ற குரல்களைத் தமிழ்நாட்டுத் தாத்தாமாருக்கு இன்றைக்கும் தெரியும். எங்கள் ஆக்களின் பொப் பாட்டு வந்தது: நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன். மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து போனது. அவர் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானபோது எங்களில் பாதிப் பேருக்கு அவர் யார் என்றே தெரியாது. செய்தி பார்த்துத்தான் யூடியூபில் தேடினோம். கிடைத்ததும் ஆறாவது போட்டோக்கொப்பி. வானொலி நாடகங்கள் வேறு. தோட்டத்துப் பாட்டுகள் வேறு. கிழக்கில் கூத்து அண்ணாவிமார் பாடின ஊர் நாடாக்கள் வேறு.

முதல் கொப்பி எங்கே? நாங்கள் பாட்டுக் கேட்கிற இதே காலி வீதிக்கு இருபுறமும் 1983 ஆடியில் வீடுகள் எரிந்தன. எரிந்த வீடுகளைப் பற்றி எழுதும்போது புத்தகத்தைச் சொல்வார்கள், நகையைச் சொல்வார்கள். ரேடியோகிராமையும் அதற்குக் கீழே அடுக்கியிருந்த இசைத்தட்டையும் யாரும் கணக்கில் எழுதினதாக நாங்கள் காணவில்லை. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமம் ஒரே இரவில் கிளம்பிச் செம்மணி தாண்டினபோது உரைப்பையில் அரிசி போட்டார்கள், பிள்ளையின் சேர்ட்டிபிக்கற் போட்டார்கள். கசெட் பெட்டி வீட்டில் நின்றது. கொண்டுவந்த கசெட்டையும் சோதனைச் சாவடிக்குப் பயந்து நாடாவை உருவிக் கிணற்றில் போட்டவர்கள் இருக்கிறார்கள். உள்ளே என்ன பாட்டு என்று ஆமிக்கு விளங்கப்படுத்த ஏலாதே. பக்திப் பாட்டும் சேர்ந்து போனது.

எரியாமல், புதைக்காமல், கிணற்றில் போடாமல் தப்பினது இப்ப கொழும்புப் புழுக்கத்தில் உக்கிக்கொண்டிருக்கிறது. கசெட் நாடா 3.81 மில்லிமீற்றர் அகலம், அவ்வளவுதான். அதில் காந்தத் தூளை ஒட்டி வைத்திருக்கிற பசை ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் இளகும், பூஞ்சணம் பிடிக்கும். நாடா தப்பினாலும் அதைப் போட்டுக் கேட்கிற டெக் தப்பாது. பெல்ட் இழுபடும், ரப்பர் உருளை வெடிக்கும், திருத்தத் தெரிந்த கை கடையைப் பூட்டிவிடும். 2019இல் யுனெஸ்கோவும் உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் சேர்ந்து ஒரு எச்சரிக்கை விட்டன: 2025 அளவில் உலகம் முழுவதும் நாடாக்களைத் திரும்ப வாசிக்கிற வசதி இல்லாமற் போகலாம் என்று. அந்த வருஷம் வந்து போய்விட்டது. நாங்கள் டாக் வாங்கினோம்.

ஆகவே நாங்கள் சொல்வது இதுதான். இலக்கத்தை ஒலியாக்குகிற பிரச்சினை எப்பவோ தீர்ந்துவிட்டது. உங்கள் போனுக்குள் தீர்ந்துபோய்க் கிடக்கிறது. எங்களுக்குத் தீராமல் இருப்பது எதிர்ப்பக்கம்: ஒலியை இலக்கமாக்குவது. அதே காசு, மறுதிசை. நல்லதொரு பழைய கசெட் டெக், யூஎஸ்பியில் கொழுவுகிற ஒரு சின்னப் பதிவுப் பெட்டி, ஐசோபுரோப்பைல் அல்ககோல் ஒரு போத்தல், பஞ்சுக் குச்சி, ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர். ஹெட்டைத் துடைக்க வேண்டும். டெக்கின் ஹெட்போன் ஓட்டையில் இருந்து எடுக்காமல் பின்பக்கத்து லைன் வெளியீட்டில் இருந்து எடுக்க வேண்டும். 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ், சுருக்காத வேவ் கோப்பு. 60 நிமிஷக் கசெட் ஒன்றுக்கு ஏறக்குறைய 2 ஜிபி வரும். இரைச்சலைக் கழுவுகிற மென்பொருளை மூலக் கோப்பில் தொடவே கூடாது. கழுவ ஆசையென்றால் கொப்பி எடுத்துக் கழுவுங்கள். கேட்பதற்கு வீண் என்று நாங்கள் மேலே சொன்ன அந்த உயர் தரம் பதிவதற்கு வீண் இல்லை. நாளைக்கு எங்களை விடக் கெட்டிக்காரர் யாரும் திருத்த வரும்போது அவர்களுக்கு அந்த இடம் வேண்டும்.

"நூலகம் செய்யுதுதானே" என்று ஒருவர் சொன்னார். ஓம், 2005இல் இருந்து நூலகம் செய்கிற வேலைக்கு எங்கள் தலைமுறை கடன்பட்டிருக்கிறது. எங்கள் அசைன்மன்றில் பாதி அங்கிருந்துதான். அதற்காக நூலகம் வந்து உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே ஏறிப் பார்க்குமா? "பதிப்புரிமை?" என்று இன்னொருவர். விற்கச் சொல்லவில்லை, ஏற்றச் சொல்லவில்லை. சாக முதல் ஒரு கொப்பி எடுத்து வையுங்கள் என்கிறோம். அரச வானொலியின் ஒலிக்களஞ்சியம் பொதுச் சொத்து, அதைக் கேட்க எங்களுக்கு வழி வேண்டும் என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான், அதை விடப்போவதில்லை. ஆனால் அதற்குக் கடிதம் எழுதிப் பதில் வருகிற காலத்துக்குள் வீட்டில் இருக்கிறது உக்கிவிடும்.

போன சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனோம். எங்களோடு டாக்குக்குக் காசு போட்ட ஐந்தாவது ஆளின் வீடு, ஜம்பட்டா வீதிக்குக் கிட்ட. அவனின் அப்பா அலுமாரிக்கு மேலே இருந்து ஒரு பிஸ்கட் மட்டைப் பெட்டியை இறக்கினார். 41 கசெட். கனக்கச் சினிமாப் பாட்டு, கொச்சிக்கடை அந்தோனியார் பாட்டு ஒன்று, பெயர் எழுதாதது ஒன்பது. டெக் இரவல். பெயர் எழுதாததில் ஒன்றைப் போட்டோம். மூக்கடைத்த ஒரு குரல், என்ன சொல்கிறது என்றே விளங்கவில்லை. மெத்ஸ்காரி ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். பதிந்த மெசினின் ஹெட் எந்தச் சாய்வில் நின்றதோ அதே சாய்வுக்குக் கேட்கிற ஹெட்டையும் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் கீச்சுச் சத்தமெல்லாம் செத்துவிடும். மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். கால் சுற்றுக்கூட இல்லை. திடீரென்று சகரமும் ககரமும் வந்தன. பின்னால் ஒரு காகம், கிணற்றுக் கப்பி. யூடியூப் அண்ணாமார் சொன்ன அந்தத் திரை அங்கேதான் விலகினது.

"தம்பி, நான் அம்மா கதைக்கிறன்."

அப்பா கதிரையில் இருந்துவிட்டார். 1997இல், யாழ்ப்பாணத்துக்கு டெலிபோன் எடுக்க ஏலாத காலத்தில், கப்பலில் வந்த ஒருவரிடம் அப்பம்மா கொடுத்துவிட்ட கசெட். கடிதம் எழுதக் கை நடுங்குது என்று பேசிப் பதிந்திருக்கிறா. மாமரம் காய்ச்சிருக்கு, கூரைக்கு ஷெல் பட்டது, திருத்தியாச்சு, நீ சாப்பிடுறியா. அடுத்த வருஷம் அவ செத்துப்போனா. எங்கள் நண்பன் அப்பம்மாவின் குரலைக் கேட்டதே இல்லை. ஏ பக்கம் 23 நிமிஷம் ஓடியது, பதிந்துவிட்டோம். பீ பக்கத்தில் குரல் இழுபடத் தொடங்கியது, பெல்ட் போய்விட்டது. நாடாவுக்குப் பழுது வராமல் உடனே நிறுத்தினோம்.

டாக்கை ஒரு அண்ணா 30,000க்குக் கேட்டிருக்கிறார், கொடுக்கப் போகிறோம். திரும்ப வாங்காதீங்கோ எண்டு சொன்னம், கேட்கிறார் இல்லை. டெக் பெல்ட்டுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஏழு கடை ஏறி இறங்கியாச்சு. உங்கள் வீட்டில் ஓடாத டெக் ஏதும் இருந்தால், எறிய முதல் எங்களுக்குச் சொல்லுங்கோ. பீ பக்கம் இன்னும் கிடக்கு.